யூஐ டிசைனர் என்ன செய்கிறார், யூஎக்ஸ் டிசைனர் என்ன செய்கிறார்?

கேள்வி இதுதான்: வேலை விளம்பரங்களில் "யூஐ/யூஎக்ஸ் டிசைனர்" என்று சேர்த்தே போடுகிறார்கள். யூஐ என்பது யூசர் இன்டர்ஃபேஸ் (பயனர் இடைமுகம்), யூஎக்ஸ் என்பது யூசர் எக்ஸ்பீரியன்ஸ் (பயனர் அனுபவம்); இரண்டும் செயலிகளையும் இணையதளங்களையும் வடிவமைக்கும் வேலைகள். அப்படியென்றால் இரண்டும் ஒன்றா? வேறு என்றால் கோடு எங்கே விழுகிறது? புதிதாக வருபவர் எதைக் கற்பது?

இரண்டும் ஒன்றல்ல. துணியை வெட்டுபவரே தைப்பதும் உண்டு; அதற்காக வெட்டுவதும் தைப்பதும் ஒரே வேலை ஆகிவிடாது. ஒரு மனிதர் தன் காரியத்தை முடிக்க என்னென்ன படிகள் வேண்டும், அவை எந்த வரிசையில் வர வேண்டும், எந்தப் படி தேவையே இல்லை என்று முடிவு செய்வது யூஎக்ஸ் டிசைனரின் வேலை. அந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் கண்ணில் படுவது, விரல் படுவது, விரல் பட்டதும் நடப்பது ஆகியவற்றை முடிவு செய்வது யூஐ டிசைனரின் வேலை.

இதை விளக்க எல்லோரும் எடுக்கும் உவமை ஒன்று உண்டு: யூஎக்ஸ் வீட்டின் அஸ்திவாரம், யூஐ சுவருக்கு அடிக்கும் பெயின்ட். இந்த உவமைதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். யூஐ என்றால் கடைசியில் வந்து நிறம் பூசுவது என்ற எண்ணம் இதனால்தான் பரவியது. யூஎக்ஸ் டிசைனரான ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட், பயனர் அனுபவத்தின் கூறுகளை விளக்க 2000ஆம் ஆண்டில் வரைந்த ஐந்து அடுக்கு வரைபடத்தைப் பார்த்தால் இது எவ்வளவு தவறு என்று தெரியும். கீழிருந்து மேலாக அவர் வைத்த அடுக்குகள்: நோக்கம், எல்லை, கட்டமைப்பு, எலும்புக்கூடு, மேற்பரப்பு. இடைமுக வடிவமைப்பை அவர் மேற்பரப்பில் வைக்கவில்லை. அதற்கு அடியில், எலும்புக்கூட்டு அடுக்கில் வைத்தார். நிறமும் எழுத்துருவும் சேர்ந்த காட்சி வடிவமைப்புதான் மேற்பரப்பு. இன்றைய யூஐ டிசைனர் இந்த மேல் இரண்டு அடுக்குகளையும் பார்க்கிறார். யூஎக்ஸ் டிசைனர் கீழிருந்து தொடங்கி எலும்புக்கூடு வரை வருகிறார். ஆக, நான்காவது அடுக்கு இருவருக்கும் பொது. சண்டையெல்லாம் அங்கேதான் நடக்கும்.

யூஎக்ஸ் என்ற சொல்லுக்கே ஸ்கிரீனைவிடப் பெரிய வீச்சு இருந்தது. அறிவாற்றல் அறிவியலாளர் டான் நார்மன் 1993இல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார். பொருளைப் பற்றிக் கேள்விப்படுவதிலிருந்து, பெட்டியைப் பிரிப்பது, இணைப்பது, பழுதானால் உதவி கேட்பது வரை எல்லாமே அதில் அடக்கம் என்பது அவர் கருத்து. ஐஎஸ்ஓ என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் 9241-210 தரநிலையில் உள்ள வரையறையும் அப்படித்தான்: பயன்படுத்துவதால் மட்டுமல்ல, பயன்படுத்தப் போகிறோம் என்ற எதிர்பார்ப்பால் எழும் எண்ணங்களும் அனுபவத்தில் சேர்த்தி. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தனி ஆள் ஒருவர் "வடிவமைக்க" முடியாது. யூஎக்ஸ் டிசைனர் என்ற பதவியில் இருப்பவர் அதில் ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர், அவ்வளவுதான்.

குறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு கோளாறை எடுத்து அது யார் மேசைக்குப் போகும் என்று கேட்டுப் பார்ப்பது பலன் தரும். மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதிவு செய்ய வருபவர்களில் பலர் மூன்றாவது படியில் நின்றுவிடுகிறார்கள். எண்களைப் பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். காரணம் பல விதமாக இருக்கலாம்.

"உறுதி செய்" பட்டன் வெளிர் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அது அழுத்தக்கூடிய பட்டன் என்றே பலருக்குத் தெரியவில்லை. இது யூஐ கோளாறு. படிகளின் வரிசையைத் தொடாமல் அந்த ஸ்கிரீனை மட்டும் மாற்றினாலே சரியாகிவிடும்.

காலியாக உள்ள நேரங்களைக் காட்டுவதற்கு முன்பே கணக்கு தொடங்கச் சொல்கிறது செயலி. வந்தவருக்கு நாளை நேரம் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் கடவுச்சொல் கேட்டால் போய்விடுவார். இது யூஎக்ஸ் கோளாறு. அந்தக் கணக்குத் தொடங்கும் ஸ்கிரீனை எவ்வளவு அழகாக்கினாலும் தீராது, ஏனென்றால் அது இருக்க வேண்டிய இடமே அதுவல்ல.

பதிவு செய்பவர் நோயாளி அல்ல. அம்மாவுக்காக மகள் பதிவு செய்கிறாள். ஆனால் படிவம் "உங்கள் வயது", "உங்கள் பிரச்சினை" என்று கேட்கிறது. அவள் யாருடைய வயதைப் போடுவாள்? இதுவும் யூஎக்ஸ், அதிலும் ஆய்வில் கோட்டைவிட்டது. யார் பயன்படுத்துகிறார்கள் என்று போய்ப் பார்க்காமல் மேசையில் உட்கார்ந்து ஊகித்ததன் விளைவு.

"தவறான உள்ளீடு" என்று சிவப்பில் ஒரு வரி வருகிறது. எது தவறு, எப்படித் திருத்துவது என்று சொல்லவில்லை. இது வாசகம் எழுதுபவரின் வேலை. பெரிய குழுக்களில் யூஎக்ஸ் ரைட்டர் என்று தனி ஆள் இருப்பார், சின்னக் குழுவில் யார் கையில் ஸ்கிரீன் இருக்கிறதோ அவர் எழுத வேண்டும்.

பக்கம் வர 12 வினாடி ஆகிறது. இது டெவலப்பர் பக்கம். ஆனால் அந்த 12 வினாடியும் ஸ்கிரீன் வெறுமையாக நிற்பது யூஐயின் தவறு.

கடைசியாக, மூன்றாவது படியோடு தொடர்பே இல்லாத ஒன்று: எல்லாம் சரியாகப் பதிவாகிறது, ஆனால் போனவர் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. செயலியில் ஒரு குறையும் இல்லை. அனுபவம் மோசம். நல்ல யூஎக்ஸ் டிசைனர் இதையும் கண்டுபிடித்துச் சொல்லுவார். சரிசெய்யும் அதிகாரம் அவரிடம் இருக்காது.

எந்தக் காரணம் என்று எண்களைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். ஐந்து பேரை அந்த மூன்றாவது படியில் உட்காரவைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

யூஎக்ஸ் டிசைனரின் நாள்

இவர் வேலையில் வரைவதைவிடக் கேட்பதும் எழுதுவதும் அதிகம். முதலில் நேர்காணல். ஒவ்வொரு வகைப் பயனரிலும் 5 முதல் 8 பேர், ஆளுக்கு 45 நிமிடம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள், அந்த ஆமாமுக்கு மதிப்பே இல்லை. "கடைசியாக எப்போது நேரம் பதிவு செய்தீர்கள்? அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டால் உண்மையில் நடந்தது வரும். வருங்காலத்தைக் கேட்காதீர்கள், போன முறை நடந்ததைக் கேளுங்கள்.

கேட்டதையெல்லாம் சிறு சிறு சீட்டுகளில் எழுதி, ஒத்தவற்றை ஒன்றாகக் கூட்டி, எந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பது அடுத்த படி. இங்கே பலர் செய்யும் தவறு, கேட்டு முடிப்பதற்கு முன்பே "பெர்சோனா" (ஒரு வகைப் பயனரைக் குறிக்கும் மாதிரி மனிதரின் சித்திரம்) எழுதிவிடுவது. புன்னகைக்கும் ஒரு படம், கற்பனைப் பெயர், பிடித்த பொழுதுபோக்கு. யாரையும் சந்திக்காமல் எழுதிய பெர்சோனா, எழுதியவரின் ஊகத்துக்கு மாட்டிய முகமூடி.

மெனுவில் எது எதன் கீழ் வர வேண்டும் என்பதற்குக் கார்டு சார்ட்டிங் உண்டு. 30 முதல் 50 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள் அல்லது செயலின் பெயர். 15 பேர் அளவில் கொடுத்து, தங்களுக்குத் தோன்றியபடி கூட்டி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயரிடச் சொல்ல வேண்டும். நிறுவனத்துக்குள் துறைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றனவோ அப்படியே மெனுவையும் பிரித்துவைக்கும் வழக்கத்தை இது உடைத்துவிடும். வெளியில் இருப்பவருக்கு உங்கள் துறைப் பெயர்கள் எதற்கு?

அடுத்தது படிகளின் ஓட்டம். எல்லாம் சரியாக நடக்கும் பாதையை யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம். சம்பளம் மற்ற பாதைகளுக்குத்தான். நம் செயலியில் 10.30 மணி நேரத்தை இரண்டு பேர் ஒரே சமயத்தில் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? தேர்ந்தெடுத்த உடனே 5 நிமிடம் அவருக்காகப் பிடித்துவைப்பதா, அல்லது கடைசியில் உறுதி செய்யும்போது சரிபார்ப்பதா? கடைசியில்தான் என்றால், நேரம் போய்விட்டவரை எந்த ஸ்கிரீனுக்குத் திருப்பி அனுப்புவது? அவர் ஏற்கெனவே நிரப்பிய விவரங்கள் அப்படியே இருக்குமா? நடுவில் போன் அழைப்பு வந்து செயலியை விட்டு வெளியேறித் திரும்பினால்? ரத்து செய்ய வேண்டும் என்றால் எங்கே போவார்? இவற்றுக்கு விடை எழுதாமல் ஓட்டப் படத்தைக் கொடுத்தால், விடையை டெவலப்பர் நள்ளிரவில் தனக்குத் தோன்றியபடி முடிவு செய்துகொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்குப் பிறகுதான் வயர்ஃபிரேம், அதாவது ஸ்கிரீனில் எது எங்கே வரும் என்று காட்டும் கச்சா வரைபடம். சாம்பல் பெட்டிகளும் கோடுகளும் போதும், ஆனால் வாசகங்கள் உண்மையானவையாக இருக்க வேண்டும். பொருளற்ற நிரப்பு எழுத்துகளைப் போட்டு வைத்தால், எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரியாது, சோதனைக்கு வருபவருக்கு ஒன்றும் புரியவும் புரியாது. மாறாக, வயர்ஃபிரேமை அளவுக்கு மேல் அழகாக்கினால் வேறு ஆபத்து: கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் படிகளை விட்டுவிட்டு நீலம் நன்றாக இருக்கிறதா என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பிறகு பயன்பாட்டுச் சோதனை. "5 பேர் போதும்" என்று ஒரு விதி உலவுகிறது. பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது அது. ஒருவரைச் சோதித்தால் இருக்கும் சிக்கல்களில் சராசரியாக 31 சதவீதம் வெளிப்படும் என்று வைத்தால், 5 பேரில் சுமார் 85 சதவீதம் வெளிப்பட்டுவிடும். ஆறாவது ஆளிடம் புதிதாகத் தெரிவது குறைவு. ஆகவே 15 பேரை ஒரேயடியாகச் சோதிப்பதைவிட, 5 பேர், திருத்தம், மறுபடி 5 பேர் என்று மூன்று சுற்று போவது நல்லது. ஆனால் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு "எங்கள் சோதனையில் 80 சதவீதம் பேர் வெற்றி" என்று அறிக்கை எழுதுகிறார்களே, அது கூடாது. 5 பேரில் 4 பேர் என்பதற்குச் சதவீதம் போட்டால் அது புள்ளிவிவரம் ஆகிவிடாது. சிக்கலைக் கண்டுபிடிக்க 5 பேர். எண்ணாக அளக்க வேண்டுமென்றால் குறைந்தது 20, முடிந்தால் 40. பயனர் வகைகள் ஒன்றுக்கொன்று வேறானவை என்றால் (நோயாளி, வரவேற்பு மேசையில் இருப்பவர்) ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் வேண்டும்.

சோதனையில் பணி கொடுக்கும்போது பட்டனில் இருக்கும் சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. பட்டனில் "மாற்றியமை" என்று இருந்து, நீங்களும் "நேரத்தை மாற்றியமையுங்கள்" என்று சொன்னால் அது கண்டுபிடிக்கும் விளையாட்டு, சோதனையல்ல. "வியாழன் காலை உங்களால் போக முடியாது என்று இப்போதுதான் தெரிகிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தடுமாறும்போது உதவாமல் இருப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான திறமை.

முழுப் பொருளையும் பற்றிய மதிப்பீடு வேண்டுமானால் ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்) வினாத்தாள் இன்றும் ஓடுகிறது. 10 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை எண் வாக்கியங்களில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5லிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை வரும். இது சதவீதம் அல்ல. சராசரி 68 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதனால் 60 வாங்கிவிட்டு முதல் வகுப்பு என்று மகிழ வேண்டாம்.

யூஐ டிசைனரின் மேசையில்

இவர் கையிலிருந்து போக வேண்டியது ஒரு ஸ்கிரீனின் படம் அல்ல, அந்த ஸ்கிரீன் எடுக்கக்கூடிய எல்லா நிலைகளும். புதியவர்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

ஒரு பட்டனையே எடுங்கள். சாதாரண நிலை, சுட்டி மேலே வந்த நிலை, கீபோர்டில் டேப் விசையால் வந்து நிற்கும் ஃபோகஸ் நிலை, அழுத்திய நிலை, வேலை நடந்துகொண்டிருக்கும் நிலை, செயலற்ற நிலை. குறைந்தது ஆறு. இதில் ஃபோகஸ் நிலையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று அந்தக் கோட்டையே நீக்கிவிடுபவர்களும் உண்டு. மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அது. செயலற்ற பட்டனிலும் ஒரு பொறி இருக்கிறது: படிவத்தில் எதை நிரப்பாததால் பட்டன் மங்கியிருக்கிறது என்று பயனருக்குத் தெரியாது. பட்டனை உயிரோடு வைத்துவிட்டு, அழுத்தியதும் விடுபட்ட இடத்தைக் காட்டுவது பெரும்பாலும் நல்ல வழி.

ஸ்கிரீனுக்கும் அப்படியே. பதிவுகளே இல்லாத முதல் நாள், தகவல் வந்துகொண்டிருக்கும் நேரம், பாதி வந்து பாதி வராத நிலை, இணைப்பு அறுந்த நிலை, எல்லாம் நிரம்பி வழியும் நிலை. அழகான மாதிரிகளில் எல்லாப் பெயர்களும் ஆறு எழுத்துதான், எல்லா முகங்களும் சிரிக்கின்றன, பட்டியலில் சரியாக நான்கு வரிகள்தான். உண்மைத் தகவல் வந்து உட்கார்ந்ததும் அந்த அழகு கலைந்துவிடும். தமிழ் இடைமுகம் செய்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல்லாக இருந்தது தமிழில் "பதிவிறக்கம் செய்க" ஆகும்போது பட்டனுக்குள் அடங்காது. கீ, ஞு, ழூ போன்ற எழுத்துகள் மேலும் கீழும் நீளும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி உயரத்தில் அவை முட்டிக்கொள்ளும் அல்லது நறுக்கப்படும். இருப்பதிலேயே நீளமான சொல்லைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பட்டனின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

அளவுகளில் ரசனைக்கு இடமில்லாத சில உண்டு. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக வகுத்த டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல் விதிகளின் ஏஏ நிலைப்படி (மூன்று நிலைகளில் நடுவில் உள்ளது), சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் 4.5:1 இருக்க வேண்டும், பெரிய எழுத்துக்கு (24 பிக்சல், அல்லது தடித்ததாக இருந்தால் ஏறத்தாழ 18.7 பிக்சல்) 3:1 போதும். உள்ளீட்டுப் பெட்டியின் விளிம்பு, ஐகான் போன்றவற்றுக்கும் 3:1. வெள்ளையின் மேல் #767676 என்ற சாம்பல் 4.54:1 தருகிறது, மயிரிழையில் தேறுகிறது. பலருக்கும் பிடித்த #999999 வெறும் 2.85:1தான், வெயிலில் போனைப் பிடித்துப் பாருங்கள், காணாமல் போய்விடும். விரல் படும் பரப்புக்கு ஆப்பிள் சொல்வது 44 க்கு 44 பாயின்ட், கூகுளின் மெட்டீரியல் வடிவமைப்பு விதிகள் சொல்வது 48 க்கு 48 டிபி (ஆண்ட்ராய்டின் அளவலகு). 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 வைக்கும் குறைந்தபட்சம் 24 க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல். அது தரை, இலக்கு அல்ல. ஐகான் 24ஆக இருக்கலாம், அதைச் சுற்றித் தொடும் பரப்பு 48ஆக இருக்கலாம். இரண்டும் வேறு என்பதை ஃபைலில் காட்ட வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது. காலியான நேரம் பச்சை, நிரம்பியது சிவப்பு என்று வைத்தால், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவருக்கு எல்லாம் ஒன்றுதான். நிரம்பியதன் மேல் ஒரு கோடு, அல்லது "நிரம்பியது" என்ற சொல் சேர வேண்டும். உள்ளீட்டுப் பெட்டியின் பெயரைப் பெட்டிக்குள்ளேயே மங்கலாக எழுதிவைப்பதும் இதே வகைத் தவறு: தட்டச்சு தொடங்கியதும் அது மறைந்துவிடும், பாதி நிரப்பியவருக்கு எந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள் என்று தெரியாது. பெயர் பெட்டிக்கு மேலே, நிரந்தரமாக.

காத்திருப்புக்கும் பழைய, நம்பகமான அளவுகள் உண்டு. 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 வினாடி தாண்டினால் மனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே 1 வினாடிக்குள் வந்துவிடும் பக்கத்துக்குச் சுழலும் வட்டம் வேண்டாம், மின்னி மறைந்து எரிச்சல்தான் தரும். அதற்கு மேல் போனால் ஏதோ நடக்கிறது என்ற அடையாளம் வேண்டும். 10ஐத் தாண்டினால் எவ்வளவு முடிந்தது என்பதும், ரத்து செய்யும் வழியும் வேண்டும்.

இடைவெளிகளுக்கு 4, 8, 16, 24, 32 என்று 4இன் மடங்குகளாக ஓர் அளவுகோல். எழுத்துக்கு ஐந்தாறு அளவுகளுக்கு மேல் வேண்டாம். நிறங்களுக்கு அவற்றின் வேலையைச் சொல்லும் பெயர்கள். "நீலம் 500" என்பதைவிட "முதன்மைப் பட்டன் பின்னணி" என்று பெயரிட்டால் இருண்ட தீமுக்கு மாற்றும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும். டிசைன் சிஸ்டம் (எல்லா ஸ்கிரீனுக்கும் பொதுவான விதிகளும் கூறுகளும்) என்பதன் அடிப்படை இதுதான்.

கைமாறும் இடம்

சிக்கல் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும்போது நடக்கிறது. வழக்கமான ஒன்று: யூஎக்ஸ் டிசைனர் அன்றைய 20 நேரங்களையும் ஒரே பார்வையில் தெரியும்படி கட்டங்களாக வைத்திருக்கிறார். யூஐ டிசைனருக்கு அது நெரிசலாகத் தெரிகிறது. கீழ்விரியும் பட்டியல் ஒன்றாகச் சுருக்கிவிடுகிறார். ஸ்கிரீன் துப்புரவாக இருக்கிறது. ஆனால் நாளைக்கு இடம் இருக்கிறதா என்று தெரிய இப்போது ஒவ்வொரு நாளையும் திறந்து பார்க்க வேண்டும். அவர் மாற்றியது தோற்றம் என்று நினைத்தார். மாறியது படிகளின் எண்ணிக்கை.

மறுபக்கமும் உண்டு. வயர்ஃபிரேமில் பட்டன் வலது கீழ் மூலையில் இருந்தது என்பதற்காக அதை அங்கேயே வைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்கும் யூஎக்ஸ் டிசைனர், தன் சாம்பல் பெட்டிகளுக்கு நிறம் தீட்ட ஆள் வைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மருந்து, வயர்ஃபிரேமோடு காரணத்தையும் எழுதித் தருவது: "எல்லா நேரங்களும் திறக்காமலே தெரிய வேண்டும், ஏனென்றால் சோதனையில் 5 பேரில் 4 பேர் முதலில் தேடியது அதைத்தான். எப்படிக் காட்டுவது என்பது உங்கள் முடிவு." இப்படி ஒரு வரி இருந்தால் எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று இருவருக்கும் தெரியும். டெவலப்பரையும் வயர்ஃபிரேம் கட்டத்திலேயே கூப்பிட வேண்டும். 5 நிமிடம் நேரத்தைப் பிடித்துவைப்பது சர்வரில் எவ்வளவு வேலை என்று அவருக்குத்தான் தெரியும்.

விளம்பரத்தை எப்படிப் படிப்பது

பதவிப் பெயரை நம்பாதீர்கள். "யூஎக்ஸ் டிசைனர்" என்று போட்டுவிட்டு, கேட்கும் திறமைகளில் ஃபிக்மா (ஸ்கிரீன்களை வரையும் மென்பொருள்), இல்லஸ்ட்ரேட்டர், லோகோ, பேனர், கொஞ்சம் அனிமேஷன் என்று இருந்தால் அது காட்சி வடிவமைப்பு வேலை. ஆய்வு, நேர்காணல், ஓட்டப் படம், சோதனை போன்ற சொற்கள் ஒன்றுமே இல்லை என்றால் அங்கே யூஎக்ஸ் வேலை நடக்கவில்லை. "ப்ராடக்ட் டிசைனர்" என்றால் பொதுவாக இரண்டையும் சேர்த்து ஒருவரே, அத்துடன் எதைச் செய்வது என்ற முடிவிலும் பங்கு. "இன்டராக்ஷன் டிசைனர்" காரெட்டின் நான்காவது அடுக்கையும் அதற்குக் கீழுள்ளதையும் பார்ப்பவர். "யூஎக்ஸ் ரிசர்ச்சர்" பெரும்பாலும் வரைவதே இல்லை.

நேர்முகத்தில் மூன்று கேள்விகள் கேட்டால் உண்மை வெளிவரும். கடந்த மூன்று மாதத்தில் குழு எத்தனை பயனர்களிடம் பேசியது? ஒரு வசதி வேண்டும், வேண்டாம் என்று யார் முடிவு செய்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் டிசைனர் இருப்பாரா? சோதனையில் தோற்றதால் கைவிட்ட ஒன்றைச் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் பதில் மழுப்பலாக இருந்தால், எந்தப் பெயரில் சேர்ந்தாலும் செய்யப்போவது யூஐ வேலைதான். யூஐ வேலை தாழ்ந்தது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எதற்குச் சேர்கிறோம் என்று தெரிந்து சேர வேண்டும் அல்லவா.

எதிலிருந்து தொடங்குவது

ஃபிக்மா கற்றால் யூஎக்ஸ் கற்றாயிற்று என்று நினைப்பது, பேனா வாங்கினால் கவிஞர் என்பது போல. கருவி இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

கண் ஒரு பிக்சல் பிசகையும் பிடிக்கிறது, ஒரே பட்டனை நாள் முழுக்கச் செதுக்கச் சலிப்பில்லை என்றால் யூஐ பக்கம் வாருங்கள். முதல் பயிற்சி: நன்றாக இருக்கும் 10 ஸ்கிரீன்களை இடைவெளி, எழுத்தளவு உட்பட அச்சு அசலாக மறுபடி வரைவது. இது பயிற்சிக்கு மட்டும், போர்ட்ஃபோலியோவில் வைக்க அல்ல. இரண்டாவது: ஓர் உள்ளீட்டுப் பெட்டியை அதன் எல்லா நிலைகளோடும், நீண்ட பெயர், பிழை, இருண்ட தீம் உட்பட முழுமையாகச் செய்வது. கூடவே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் அடிப்படை. எழுதத் தேவையில்லை, எது எளிது, எது கடினம் என்று தெரிந்தால் போதும்.

மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பவர், நீண்ட குறிப்புகளை எழுதச் சலிக்காதவர் என்றால் யூஎக்ஸ். பயிற்சிக்குப் புதிய செயலியைக் கற்பனை செய்ய வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஒன்றில் ஒரே ஒரு காரியத்தை எடுத்து, 5 பேர் அதைச் செய்வதைப் பார்த்து, எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி, ஒரு மாற்றம் வரைந்து, வேறு 5 பேரிடம் காட்டுங்கள். இரண்டு வார இறுதிகளில் முடியும்.

போர்ட்ஃபோலியோவிலும் இருவரும் காட்ட வேண்டியது வேறு. யூஐ என்றால் ஒரே கூறின் எல்லா நிலைகளும், சிறிய ஸ்கிரீனிலும் பெரிய ஸ்கிரீனிலும், உண்மையான தகவலோடு. யூஎக்ஸ் என்றால் ஆரம்பத்தில் என்ன நினைத்தீர்கள், அது எப்படித் தவறிப்போனது, அதனால் எதை மாற்றினீர்கள் என்பது. ஆய்வு, வயர்ஃபிரேம், இறுதி ஸ்கிரீன் என்று எங்குமே இடறாமல் நேர்கோட்டில் போகும் கேஸ் ஸ்டடியை, வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். அப்படிப்பட்ட ஆறு வேலைகளைவிட, இடறியதையும் திருத்தியதையும் காட்டும் இரண்டு போதும்.